மொர்லாக்கர் என்றொரு மக்கள்

நேயர்களே, ஐரோப்பாவின் பழைய நிலப்படம் ஒன்று உங்கள் கைக்கு எட்டுமானால், இத்தாலிக்குக் கிழக்கே நீண்டு கிடக்கும் ஏட்ரியாட்டிக் கடலைப் பாருங்கள். அதன் கீழைக் கரையோரமாகத் தீவுகளும் திட்டுகளும் மணிமணியாகச் சிதறிக் கிடக்கும். வடபகுதியில், அத்தீவுகளுக்கும் வெலேபித் என்னும் மலைத்தொடருக்கும் இடையே ஒடுங்கிய கடல்வழி ஒன்று செல்கிறது. அதன்மேல் இத்தாலிய மொழியில் 'மொர்லாக்கா நீரிணை' என்று அச்சிட்டிருப்பார்கள். நம் காதில் அது மலாக்கா நீரிணை என்றே விழும். வகுப்பில் வாய்விட்டுப் படித்தால் பிள்ளைகள் சிரிக்கத்தான் செய்வார்கள். ஒலி ஒத்திருக்கிறதே தவிர, இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அந்த நீரிணைக்குப் பெயர் தந்தவர்கள் மொர்லாக்கர் எனப்பட்ட மலைவாழ் மக்கள்.

இக்காலப் படங்களில் அந்தப் பெயர் இல்லை. வெலேபித் நீரிணை என்றே போட்டிருக்கிறார்கள். பெயர் போய்விட்டது, சரி. பெயருக்கு உரிய மக்கள் எங்கே போனார்கள்? போரில் மாண்டார்களா? கொள்ளைநோய் வாரிக்கொண்டு போயிற்றா? கப்பலேறி வேறு நாட்டுக்குச் சென்றார்களா? ஒன்றுமில்லை. அவர்களுடைய பேரன் பேத்திகள் பலர் அதே மலைச்சரிவுகளில், அதே ஊர்களில்தான் வாழ்ந்துவந்திருக்கிறார்கள். மக்கள் இருக்க, பெயர் மட்டும் மறைந்த கதை இது. இன்றைய பேச்சில் இதையே நாம் ஆராயப்போகிறோம்.

முதலில் நாட்டைத் தெரிந்துகொள்வோம். அந்தக் கரைக்கு டால்மாத்தியா என்று பெயர். இன்று பெரும்பகுதி குரோஷியா நாட்டில் அடங்கியிருக்கிறது. சாதர், திரோகிர், ஸ்பிளித் முதலிய துறைமுகப் பட்டினங்கள் கடலோரத்தில் உள்ளன. உரோமானியர் காலத்திலிருந்தே கல்மதில், கோவில், அங்காடி என்று வளர்ந்த ஊர்கள் அவை. பட்டினத்தின் மதிலைத் தாண்டி உள்நாட்டுப் பக்கம் நடந்தால், விரைவிலேயே சுண்ணாம்புக்கல் மலைகள் எதிர்ப்படும். மண் குறைவு, கல் அதிகம். பெய்கிற மழையும் பாறை வெடிப்புகளில் இறங்கி மறைந்துவிடும். குளிர்காலத்தில் மலையுச்சியிலிருந்து 'போரா' என்னும் வாடைக்காற்று ஆளைத் தள்ளும் வேகத்தில் கடலை நோக்கி இறங்கும். அந்த நிலத்தில் ஏர் பிடித்து வாழ்வது எளிதன்று. ஆடு மேய்க்கலாம். கோடையில் மந்தையை ஓட்டிக்கொண்டு மலைமேல் ஏறுவதும், பனி விழத் தொடங்கியதும் கடலோரத்துக்கு இறங்கிக் கிடை போடுவதும் அங்கே நெடுங்கால வழக்கம். மலையிலிருந்து கம்பளியும் பாலாடைக்கட்டியும் இறங்கும். கரையிலிருந்து உப்பு ஏறும். மொர்லாக்கரைப் பட்டினத்தார் முதலில் அறிந்தது இப்படித்தான். கி.பி. 14ஆம் நூற்றாண்டு ஆவணங்களில் அவர்கள் பெயர் வரத் தொடங்குகிறது. மேய்ச்சல் நிலத்தைப் பற்றிய வழக்குகளிலும் அவர்கள் பேச்சு வருகிறது. ஆடு வேலியைத் தாண்டினால் எந்த நாட்டிலும் வழக்குத்தானே!

இனிப் பெயரைப் பார்ப்போம். 'மௌரோ' என்றால் கிரேக்க மொழியில் கருமை. 'விலாக்' என்பது மலைவாழ் மேய்ப்பர் கூட்டத்தார்க்கு வழங்கிய பெயர். இரண்டும் சேர்ந்து 'கரிய விலாக்கர்' என்று பொருள்படும் சொல்லே மொர்லாக்கர் எனத் திரிந்தது என்பது அறிஞர் பலரின் முடிவு. பழைய இலத்தீன் வரலாற்று நூல் ஒன்று இவர்களைக் 'கரிய இலத்தீனர்' என்றே பெயர்த்துச் சொல்கிறது. கருமை எதைக் குறித்தது? உடையின் நிறம் என்பார் சிலர். மேனி நிறம் என்பார் சிலர். பழங்காலத்தில் திசைகளுக்கு நிறம் சொல்லும் வழக்கப்படி கருமை வடதிசையைக் குறித்தது என்பார் வேறு சிலர். ஸ்லாவிய மொழியில் 'மோரே' என்றால் கடல், ஆகவே கடல்வழி வந்தவர்கள் என்று பொருள் கொண்டவர்களும் உண்டு. ஆட்டுமந்தையோடு மலையேறியவர்களைக் கடலோடிகளாக்கும் இந்த விளக்கம் நமக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை.

அதைவிடச் சுவையான செய்தி, விலாக் என்னும் இரண்டாம் பாதியில் இருக்கிறது. இது பழைய செருமானியக் குழுவினர் அயலாரைச் சுட்ட வழங்கிய சொல். பிரிட்டனில் உள்ள வேல்ஸ் நாட்டின் பெயரும், பெல்ஜியத்து வாலோனியரின் பெயரும், ருமேனியாவில் உள்ள வலாக்கியா என்னும் பகுதியின் பெயரும் இதே வேரிலிருந்து கிளைத்தவை. செருமானியரிடமிருந்து ஸ்லாவியர் அச்சொல்லை வாங்கி, இலத்தீன் வழிவந்த மொழி பேசியவர்களுக்குச் சூட்டினார்கள். ஆக, மொர்லாக்கர் என்ற சொல்லின் முன்பாதி கிரேக்கர் தந்தது. பின்பாதி செருமானியர் தந்தது. ஒட்டி வழங்கியவர்கள் இத்தாலியர். அந்த மக்கள் தாமே தம்மைக் குறிக்க வழங்கிய சொல் வெறும் விலாக்கர் என்பதுதான். அதுவும் ஒரு காலத்தில் அயலார் என்று பிறர் சொன்ன சொல்லே.

அப்படியானால் இவர்கள் முதலில் பேசியது இலத்தீன் வழி மொழியா? தொடக்கத்தில் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். உரோமானியப் பேரரசின்கீழ் இலத்தீனை ஏற்றுக்கொண்ட பழங்குடியினர், 6, 7ஆம் நூற்றாண்டுகளில் ஸ்லாவியர் வந்து குடியேறியபோது மலைகளில் ஒதுங்கி மேய்ப்பராகத் தொடர்ந்தனர் என்று வரலாற்றாசிரியர் கூறுவர். காலப்போக்கில் அவர்களுள் மிகப் பலர் ஸ்லாவிய மொழிக்கு மாறினர். நாம் பின்னால் பேசப்போகும் 17, 18ஆம் நூற்றாண்டு மொர்லாக்கர் ஸ்லாவிய மொழி பேசியவர்களே. பழைய மொழி முற்றாக மறையவில்லை என்பதற்கு இரண்டு சான்றுகள் உண்டு. கிர்க் தீவில் 15ஆம் நூற்றாண்டில் பிராங்கோபன் பிரபுக்கள் குடியமர்த்திய மேய்ப்பர்களின் வழியினர் 19ஆம் நூற்றாண்டு வரை ருமேனிய மொழிக்கு நெருங்கிய ஒரு மொழியைப் பேசினர். இஸ்திரியா தீபகற்பத்தில், ஜெயானே, சுஷ்னியேவித்சா முதலிய சில சிற்றூர்களில் அதுபோன்ற மொழி ஒன்று இந்த நூற்றாண்டிலும் முதியோர் நாவில் நிற்கிறது. அழிவின் விளிம்பில் உள்ள மொழிகளுள் ஒன்றாக யுனெஸ்கோ அதனைக் குறித்திருக்கிறது.

மேய்ப்பர் கூட்டமாக இருந்தவர்களை வரலாற்றின் நடுமேடைக்கு இழுத்துவந்தது போர்தான். 1463இல் போஸ்னியா உதுமானியத் துருக்கியர் வசமாயிற்று. 1522இல் கினின் கோட்டையும், 1537இல் ஸ்பிளித்துக்கு மேலே உள்ள கிலிஸ் கோட்டையும் விழுந்தன. பட்டினங்கள் வெனிஸ் குடியரசின் கையில். மலைகள் சுல்தானின் கையில். நடுவில் இந்த மேய்ப்பர்கள். சுல்தானின் அதிகாரிகள் விலாக்கர் என்னும் சொல்லை ஒரு வரிப்பிரிவின் பெயராகவே ஆக்கிவிட்டனர். உழவர் செலுத்தும் வரிகளுக்கு மாறாக, வீட்டுக்கு ஒரு பொற்காசு என்ற கணக்கில் இவர்கள் வரி கட்டினால் போதும். அதற்கு ஈடாக எல்லைக் காவலுக்கு ஆள் தர வேண்டும். வரி குறைகிறது என்றால் நேற்றுவரை உழவனாக இருந்தவனும் நான் விலாக் என்று பதிந்துகொள்ள மாட்டானா? இந்த இடத்தை நேயர்கள் கவனிக்க வேண்டும். ஒரு பெயர் ஓரினத்தின் பெயராகவும், ஒரு தொழிலின் பெயராகவும், ஒரு வரிச்சலுகையின் பெயராகவும் ஒரே காலத்தில் வழங்கினால், ஏட்டில் அப்பெயரைக் கண்டவுடன் 'இவர் இன்ன குலத்தார்' என்று முடிவுகட்ட இயலாது. பிற்காலத்து அறிஞர்களின் சண்டையில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. வடக்கே ஆஸ்திரிய மன்னர்களும் இதே வழியைக் கைக்கொண்டனர். 1630இல் பேரரசர் இரண்டாம் பெர்டினாந்து எல்லைக் காவலர்களுக்கு வழங்கிய உரிமைப் பட்டயத்தின் பெயரே விலாக்கர் சட்டம் என்பதாகும்.

வெனிஸ் குடியரசுக்கு ஆள் தேவைப்பட்டது. 1645 முதல் 1669 வரை கிரீட் தீவுக்காகத் துருக்கியரோடு அது நடத்திய நீண்ட போரின்போது, சுல்தானின் நிலத்தில் இருந்த மொர்லாக்கர் குடும்பம் குடும்பமாக எல்லை தாண்டி வெனிஸ் பக்கம் வந்தனர். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர்களுள் ஸ்தோயான் யான்கோவிச் பெரும் புகழ் பெற்றவர். 1666இல் துருக்கியரிடம் பிடிபட்டுக் கான்ஸ்டாண்டிநோபிளுக்குக் கொண்டுபோகப்பட்டார். ஓராண்டுக்கு மேல் சிறையிருந்து தப்பி வந்தார். வெனிஸ் அவருக்கு வீரப்பட்டம் கொடுத்துச் சிறப்பித்தது. 1687இல் போர்க்களத்திலேயே உயிர் நீத்தார். நாட்டுப்புறப் பாடகர்கள் அவரைப் பல தலைமுறை பாடினார்கள்.

அவருடைய மாளிகை அமைந்த ஊரின் பெயரை நேயர்கள் கேட்க வேண்டும். 'இஸ்லாம் கிர்ச்கி'. கிரேக்க இஸ்லாம் என்று பொருள். பக்கத்து ஊர் 'இஸ்லாம் லத்தின்ஸ்கி', அதாவது இலத்தீன் இஸ்லாம். துருக்கியர் அங்கே கட்டிய எல்லைக்கோட்டைக்கு 'இஸ்லாத்தின் அரண்' என்று பெயர் வைத்திருந்தனர். துருக்கியர் போனபின் ஊருக்கு அப்பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு வந்து குடியேறியவர்களில் கிரேக்கச் சமய மரபினர் ஓர் ஊரிலும், உரோமைக் கத்தோலிக்கர் மற்றோர் ஊரிலும் அமைந்தனர். பெயரில் இஸ்லாம், உள்ளே இரண்டு வகைக் கிறித்தவர்! இரு ஊராரையும் வெனிஸ் அதிகாரி மொர்லாக்கர் என்றே ஏட்டில் எழுதினார். அவருக்குச் சமயம் பெரிதன்று. துப்பாக்கி பிடிக்க எத்தனை பேர் என்பதே பெரிது.

1699, 1718 ஆகிய ஆண்டுகளின் உடன்படிக்கைகளால் வெனிஸின் எல்லை மலைகளுக்குள் வெகுதூரம் நகர்ந்தது. இடையில் 1715 ஆகஸ்டு மாதம், சீன் என்னும் சிற்றூரின் கோட்டையைத் துருக்கியப் பெரும்படை முற்றுகையிட்டது. உள்ளே இருந்தவர்கள் சில நூறு பேரே. படை பின்வாங்கியது. அந்த வெற்றியின் நினைவாக இன்றும் ஆகஸ்டு மாதந்தோறும் 'ஆல்கா' என்னும் குதிரைப் பந்தயம் அங்கே நடைபெறுகிறது. வழியின் குறுக்கே கயிற்றில் ஓர் இரும்பு வளையம் தொங்கும். அதனுள் மற்றொரு சிறு வளையம். குதிரையைப் பாய்ச்சலில் விட்டு, ஈட்டி முனையால் வளையத்தைக் குத்தி எடுக்க வேண்டும். நடு வளையத்தில் பட்டால் மூன்று புள்ளி, மேற்பகுதிக்கு இரண்டு, கீழே பட்டால் ஒன்று. 2010இல் யுனெஸ்கோ இதனை மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது.

போர் முடிந்தால் வீரனுக்கு நிலம் வேண்டும். 1756இல் டால்மாத்தியாவின் வெனிஸ் ஆளுநர் பிரான்செஸ்கோ கிரிமானி ஒரு நிலச்சட்டம் கொண்டுவந்தார். தலைக்கு இரண்டு 'காம்ப்பி' என்ற அளவில் குடும்பத்துக்கு நிலம். விற்கக்கூடாது, அடகு வைக்கக்கூடாது, விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு அரசுக்கு, அழைத்தபோது போருக்கு வர வேண்டும். மேய்ப்பனை உழவனாக்கிவிட வேண்டும் என்பது அரசின் நோக்கம். மந்தையோடு அலைகிறவனைக் கணக்கெடுக்க முடியாது. நிலத்தில் கட்டிவைத்தவனை எண்ணலாம். ஆயினும் கல் நிறைந்த நிலமும் வறட்சியும் அந்த நோக்கத்தை எளிதில் நிறைவேறவிடவில்லை.

இவ்வாறு ஏடுகளிலும் கணக்குகளிலும் இருந்த மொர்லாக்கரை ஐரோப்பா முழுவதும் அறியச் செய்தது ஒரு புத்தகம். பதுவா நகரத்துப் பாதிரியாரும் இயற்கை ஆராய்ச்சியாளருமான அல்பெர்த்தோ போர்த்திஸ் 1774இல் வெனிஸில் வெளியிட்ட டால்மாத்தியப் பயண நூல்தான் அது. கல்லும் கிளிஞ்சிலும் ஆராயப் போனவர், மனிதரைக் கண்டு நின்றுவிட்டார். மொர்லாக்கர் பழக்கவழக்கங்கள் என்றொரு தனிப்பகுதியை, இங்கிலாந்தின் முன்னாள் தலைமை அமைச்சர் பியூட் பிரபுவுக்கு எழுதிய கடிதமாக அமைத்தார். கொடியவர், அறிவற்றவர், எக்குற்றமும் செய்யத் துணிந்தவர் என்றெல்லாம் கடலோரத்தார் மொர்லாக்கரைப் பற்றிச் சொல்வதை எடுத்துக்காட்டி, தம்மை அன்போடு உபசரித்த அந்த மக்களின் சார்பில் மறுமொழி சொல்வது தம் கடமை என்று தொடங்குகிறார்.

அவர் கண்டவை பல. விருந்தினரைப் போற்றும் பண்பு. ஒற்றைத் தந்தியுள்ள 'குஸ்லே' என்னும் கருவியை வில்லால் இழைத்துப் பழைய வீரர்களைப் பாடும் வழக்கம். இறந்தவன் எழுந்துவந்து இரத்தம் குடிப்பான் என்னும் அச்சம். நட்பைத் திருமணம்போல் கோவிலில் சடங்கு செய்து உறுதிப்படுத்தும் வழக்கம் அவரை மிகவும் கவர்ந்தது. இரண்டு இளம்பெண்கள் கோவிலில் உடன்பிறவாச் சகோதரிகளாக இணைந்ததைத் தாமே பார்த்ததாக எழுதுகிறார். குறைகளையும் அவர் மறைக்கவில்லை. வீட்டில் கட்டில் இருந்தாலும் மனைவி தரையில்தான் படுக்க வேண்டும் என்பதைச் சொல்லி வருந்துகிறார். நாகரிகம் தீண்டாத நல்ல மனிதன் எங்கேனும் இருக்கிறானா என்று ஐரோப்பியர் தேடிக்கொண்டிருந்த காலம் அது. அவர்களுக்கு வெனிஸின் வாசலிலேயே ஒருவன் அகப்பட்டுவிட்டான்.

இரண்டே ஆண்டுகளில் மறுப்பு வந்தது. எழுதியவர் சீன் ஊரிலே பிறந்த இவான் லோவ்ரிச் என்னும் இளைஞர். வயது இருபதை ஒட்டித்தான் இருக்கும். 1776இல் வெனிஸிலேயே தம் நூலை வெளியிட்டு, போர்த்திஸ் எந்தெந்த இடங்களில் பிழைபட்டார் என்று வரிசையாக எடுத்துக்காட்டினார். பாதிரியார் தரப்பிலிருந்து சூடான பதில்கள் எழுந்தன. மறு ஆண்டே அந்த இளைஞர் இறந்துபோனார். நம் எண்ணத்தில், இந்த வரலாற்றில் அவருக்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை. மொர்லாக்கரைப் பற்றி வந்தவர் போனவர் எல்லாம் எழுதினார்கள். அந்த மண்ணில் பிறந்தவர் ஒருவர் 'நீர் சொல்வது சரியன்று' என்று அச்சில் சொன்னது அப்போதுதான்.

ஆனால் உலகம் போர்த்திஸையே படித்தது. நூலுக்குச் செருமானியம், பிரெஞ்சு, ஆங்கிலம் ஆகிய மொழிகளில் பெயர்ப்புகள் வந்தன. அவர் அதில் ஒரு நாட்டுப்பாடலைச் சேர்த்திருந்தார். காயமுற்றுக் கிடக்கும் ஹசன் ஆகா என்னும் பிரபுவைப் பார்க்க அவர் மனைவி நாணத்தால் போகவில்லை. சினந்த கணவர் அவளை மணவிலக்குச் செய்கிறார். அண்ணன் அவளை வேறொருவருக்கு மணம் பேசுகிறான். மணவூர்வலம் பழைய வீட்டைக் கடக்கும்போது பிள்ளைகள் தாயை அழைக்கின்றனர். அவள் மனமுடைந்து உயிர் விடுகிறாள். செருமானியப் பெருங்கவிஞர் கேத்தே இதனைத் தம் மொழியில் பெயர்த்தார். 1778இல் ஹெர்டரின் நாட்டுப்பாடல் தொகுதியில், மொர்லாக்கர் பாடல் என்னும் குறிப்போடு அது வெளிவந்தது. பாடலில் வருகிறவர்கள் முசுலிம் உயர்குடியினர். மணமகனோ இமோத்ஸ்கி ஊர்க் காதியார். ஆயினும் ஐரோப்பாவுக்கு அது மொர்லாக்கர் பாடல். இன்று அதே பாடலைப் போஸ்னியர், குரோஷியர், செர்பியர் ஆகிய மூவரும் தத்தம் இலக்கியத்தில் வைத்துப் போற்றுகின்றனர்.

பெயருக்கு மதிப்பு ஏறினால் போலியும் வரும். 1827இல் பிரெஞ்சு எழுத்தாளர் மெரிமே, அந்நாட்டுப் பாடல்களின் மொழிபெயர்ப்பு என்று சொல்லி ஒரு தொகுதி வெளியிட்டார். நாட்டுப் பக்கமே போகாமல், போர்த்திஸ் நூல் முதலியவற்றைப் பார்த்து அவரே கட்டிய பாடல்கள் அவை. கேத்தே கண்டுபிடித்துவிட்டார். உருசியக் கவிஞர் புஷ்கினோ மெய்யென்று நம்பிச் சிலவற்றைத் தம் மொழியில் பாடினார். மொர்லாக்கர் இல்லாமலே மொர்லாக்கர் பாடல் பிறக்கும் அளவுக்குப் பெயர் மனிதரை விட்டு விலகிப் போயிருந்தது.

1797இல் வெனிஸ் குடியரசு முடிவுற்றது. நெப்போலியன் ஆட்சி சிறிது காலம். பின் 1918 வரை ஆஸ்திரியர் ஆட்சி. மொர்லாக்கர் என்று ஏட்டில் எழுதிய கை ஓய்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் தேசிய இயக்கங்கள் எழுந்தன. பள்ளி, செய்தித்தாள், வாக்குரிமை யாவும் ஒருவனைப் பார்த்து, நீ யார் என்று கேட்டன. விடையை அவரவர் கோவிலே தந்தது. கத்தோலிக்கக் கோவிலுக்குச் செல்பவர் குரோஷியர் என்றும், கிரேக்க மரபுக் கோவிலுக்குச் செல்பவர் செர்பியர் என்றும் தம்மைக் கொண்டனர். ஒரே மலையில் ஆடு மேய்த்து, ஒரே மொழி பேசி, ஒரே வீரனைப் பாடிய மக்கள் இரண்டு தேசத்தாராயினர். இது ஏமாற்று என்றோ, பொய் என்றோ நாம் சொல்லவில்லை. பிறர் சூட்டிய பெயரைக் களைந்து தாமே ஒரு பெயரை ஏற்றது அவர்கள் உரிமை. பழைய மொர்லாக்கர் அனைவரும் எங்களவரே என்று இரு தரப்பு அறிஞரும் பின்னோக்கிச் சென்று உரிமை கொண்டாடியதே பெருந்தொல்லை. அதற்கு ஏடுகள் இடம் தருவதில்லை.

1991 முதல் 1995 வரை நடந்த போரில் இந்த மலைப்பகுதி பெரும் துன்பம் கண்டது. 1991இல் அங்கிருந்து குரோஷியர் விரட்டப்பட்டனர். 1995 ஆகஸ்டில் குரோஷியப் படை கினினைக் கைப்பற்றியபோது செர்பியர் பெருந்தொகையாக வெளியேறினர். இஸ்லாம் கிர்ச்கியில் இருந்த யான்கோவிச் மாளிகையும் அப்போரில் சிதைந்தது. பின்னர் அதனைப் பழுதுபார்க்கத் தொடங்கினார்கள். அம்மாளிகைக் குடும்பத்தில் வந்த நாவலாசிரியர் விளாதன் தெஸ்னிகாவை (1905–1967) எந்த இலக்கியத்தில் சேர்ப்பது என்று குரோஷியரும் செர்பியரும் வழக்காடுவது இன்னும் தீரவில்லை.

1991ஆம் ஆண்டுக் குரோஷிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தம்மை மொர்லாக்கர் என்று பதிந்துகொண்டவர்கள் 22 பேர். இத்தாலியின் கிராப்பா மலைப்பகுதியில் 'மொர்லாக்கோ' என்றொரு பாலாடைக்கட்டி விற்பனையாகிறது. அந்தப் பக்கம் வந்த மேய்ப்பர்களின் பெயரால் அது வழங்குகிறது என்பது செவிவழிச் செய்தி. டால்மாத்தியக் கரையிலோ மற்றச் சொல் இன்னும் உயிரோடிருக்கிறது. ஸ்பிளித் பட்டினத்தார் மலைக்கு அப்பாலிருந்து வருகிறவரை 'விலாய்' என்பார்கள். பழைய விலாக் என்பதன் திரிபு அது. தீவிலிருந்து வருகிறவருக்குப் 'போதுல்' என்று பெயர். கேலியாகவும் சொல்வார்கள்; மலைநாட்டார் தாமே அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வதும் உண்டு. அவர் எந்தக் கோவிலுக்குப் போகிறவர் என்று அந்தச் சொல் கேட்பதில்லை.